ஞாயிற்றுக்கிழமை வந்து டிரெய்லரையும் அக்காவையும் அழைத்துச் செல்லவும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நாங்கள் உயிரோடு நலம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக, முக்கியமாகக் காய்ந்த படுக்கையில் படுத்து எழ வேண்டுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற மூன்று மாதங்களில் உங்கள் அக்கா என்னிடம் பேசிய மொத்தப் பேச்சு, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்பதுதான். இந்தப் பயணமும் சரிப்படாவிட்டால் தம்பி உங்கள் வீட்டுக்கே போய்விடுவதாகக் கெடு வேறு வைத்தாள். அதனால்தான் காடு மேடெல்லாம் ஏறும், உள்ளே இரண்டு பேர் படுக்கும் உங்கள் குட்டி டிரெய்லரைக் காரில் மாட்டிக்கொண்டு பனிக்குள் கிளம்பினோம்.

குளிர்பதனக் கிடங்கில் முப்பத்திரண்டு வருடம் மேற்பார்வை பார்த்தவனுக்குக் குளிரைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். கூரையில் ஒரு காற்றுத் துளை, பக்கத்தில் இரண்டு. மூன்றையும் ஈ எறும்பு நுழையாதபடி டேப் போட்டு அடைத்தேன். விடிந்து பார்த்தால் உங்கள் கூரை ஒழுகுகிறது மச்சான், வெளியே ஒரு பொட்டு மழை கிடையாது, உள்ளே என் மூக்கில் சொட்டு, அவள் நெற்றியில் சொட்டு, தலையணையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும், கதவைத் திறக்கலாமென்றால் ஈரத்தில் அதன் ரப்பர் உறைந்து ஒட்டிக்கிடக்கிறது, சரியென்று கதவிலிருக்கும் ஜன்னல் வழியே தலையை விட்டேன், தலை வந்தது, தோள் வந்தது, வயிறு வரவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பனி வாரும் வண்டிக்காரர் வந்து நின்றார். "ஐயா, உள்ள போறீங்களா, வெளிய வர்றீங்களா?"

"இன்னும் முடிவு பண்ணல" என்றாள் உங்கள் அக்கா, உள்ளேயிருந்து.

அவர் கைப்பிடியைப் பிடித்து ஒரே இழுப்பு. கதவு திறந்தது, கதவோடு நானும் திறந்தேன். கால்கள் அந்தரத்தில் ஆட, கழுத்தைத் திருப்பிப் பார்த்தால் அவள் போர்வையில் முகம் புதைத்துக் குலுங்கிக்கொண்டிருக்கிறாள். எனக்கு நெஞ்சே உடைந்துவிட்டது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்து, ஒழுகும் வண்டியையும் அழுத அக்காவையும் அழைத்துச் செல்லவும். தடுத்துப் பேச எனக்கு வாயில்லை. அவள் இல்லாத வீட்டில் நான் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். உட்கார்ந்து என்ன செய்வது?

பிள்ளைகளுக்கு ஆசிகள். அவர்கள் எந்நாளும் அகலமான ஜன்னல்களோடு வாழ்க.

இப்படிக்கு,
இன்னும் காயாத அத்தான்

பி.கு.: உறையில் போடுமுன் உங்கள் அக்கா இதைப் படித்துவிட்டாள். "கூரை ஒண்ணும் ஒழுகல. ஓட்டையெல்லாம் நீங்க அடைச்சதுல நாம விட்ட மூச்சே தண்ணியா சொட்டுச்சு" என்கிறாள். டேப்பை அவளே பிய்த்து எறிந்தாள். போர்வைக்குள் அவள் அழவும் இல்லையாம். அதைச் சொல்லும்போதே மறுபடியும் சிரிப்பு வந்து, என் தோளில் சாய்ந்து குலுங்கினாள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம். நாங்கள் இருக்க மாட்டோம். இன்னும் பனி அதிகமுள்ள இடமாக அவளே தேடி வைத்திருக்கிறாள். வண்டியும் இப்போதைக்குத் திரும்பாது. அதில் தள்ளி உட்கார இடமே கிடையாது.