எட்டு லிட்டர் சாம்பார்

சமைக்கத் தெரியாதவனுக்கு அல்ஜீப்ரா மட்டும் தெரிந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

வேலை கிடைத்து டெல்லிக்கு வந்த புதிது. முனிர்காவில் ஒற்றை அறை. (ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். அதுவும் பேசாது.) வெள்ளி மாலை ஆபீஸை விட்டுக் கிளம்பினால் திங்கள் காலைவரை நான் வாய் திறப்பது சாப்பிட மட்டுமே. அப்படிப்பட்டவனிடம் பக்கத்து சீட் மிஸ்ராஜி, "சண்டே கோ ஆவூங்கா. சாம்பார் கிலாவோகே?" என்று, ஞாயிற்றுக்கிழமை வந்தால் சாம்பார் போடுவாயா எனக் கேட்டுவிட்டார். என் அறைக்கு வரப்போகும் முதல் மனிதர்!

பதற்றத்தில், பருப்பு வேகும்போது உப்புப் போட்டேன். போட்டேனா என்ற சந்தேகத்தில் மறுபடியும் போட்டேன். புளி ஊற்றியபின் இன்னொரு தடவை. கடல் தண்ணீரே தேவலை.

பாலும் தண்ணீரும் கலக்கும் கணக்குகளைப் போட்டுப் போட்டே வேலை வாங்கியவன் நான், விடுவேனா? இரண்டு லிட்டர் சாம்பாரில் எட்டு ஸ்பூன் உப்பு. லிட்டருக்கு ஒரு ஸ்பூன் போதும். சேர்க்க வேண்டிய தண்ணீர் x என்றால், 2 + x = 8. ஆகவே x = 6. ஆறு லிட்டரையும் ஊற்றினேன். உப்பு கச்சிதம்! மற்றதெல்லாம்தான் காணவில்லை. பருப்புக்கும் புளிக்கும் பொடிக்கும் நான் சமன்பாடு போடவில்லையே. இருந்த பருப்பையெல்லாம் வேகவைத்து, புளியையும் பொடியையும் கொட்டி, பாத்திரம் போதாமல் புது பக்கெட்டிலும் நிரப்பினேன். அட, நன்றாகவே இருந்தது.

அப்போது மிஸ்ராஜியின் போன். "அரே பாய், கர் மே மெஹ்மான் ஆ கயே." அவர் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்களாம்.

பக்கெட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. (சாம்பாரைப் பார்த்து அழுத முதல் தமிழன் நானாகத்தான் இருப்பேன்.) பிறகு மதுரையிலிருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"சாம்பார் மிஞ்சினா கெடாம எப்படிக்கா வைக்கிறது?"

"எவ்வளவுடா வச்ச?"

"எட்டு லிட்டர்."

"அம்மாடி, அவ்வளவு கூட்டாளிகளாடா உனக்கு? நீ அங்க தனியாக் கெடந்து தவிக்கிறியோன்னு நான் தெனமும் அழுதுக்கிட்டிருந்தேன்" என்றாள்.

"ஆமாக்கா, நெறையப் பேரு" என்றேன்.

இன்றைக்கும் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் அக்கா தொடங்கிவிடுவாள்: "எங்க தம்பி டெல்லிக்குப் போன சூட்டோட சூடா ஊரையே கூப்பிட்டுச் சோறு போட்டவன்!" எல்லாரும் சிரிப்பார்கள். சாம்பார் பரிமாறும் வேலை என் தலையில் விழும். நானும் சிரித்துக்கொண்டே பரிமாறுவேன். டெல்லிக் குளிரில் கெடவும் மறுத்த அந்தச் சாம்பாரை, அந்த வாரம் முழுக்க யாரோடு சாப்பிட்டேன் என்று மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை.