மயில் முத்திரைச் சாக்கு

குயில்மலைத் தோட்டம், மேற்கணக்கு,
வட்டகொடை.
16-7-1957

மகாராஜராஜஸ்ரீ மச்சான் தங்கவேலு அவர்கள் சமுகத்துக்கு, ஆண்டியப்பன் கங்காணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் தங்கை வீரம்மாவும் மகள் சீதாலெட்சுமியும் விடாத மழையும் சுகம். அவ்விடம் தலவாக்கலைக் கடையும் தாங்களும் சுகமாயிருக்க முருகன் துணை.

சங்கதி என்னவென்றால், தாங்கள் உடனே வந்து சீதாவைக் கூட்டிப்போய் டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். காரணம் சாக்கு. இங்கே தோட்டப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு கிடையாது. பிள்ளைகள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு சாக்கு கொண்டுபோய் விரித்து உட்காரும். எங்கள் வீட்டுச் சாக்கு முன்னால், லயத்துக் கூலிக்காரர் சாக்குகள் பின்னால், வாசல் கூட்டும் மாயாண்டியின் மகள் நாகலெட்சுமிக்குக் கதவோரம். அங்கே சாரல் அடிக்கும் என்பதைத் தவிர யாருக்கும் தொந்தரவில்லை. புதிதாக வந்த வீரபத்திரன் வாத்தியார் பிள்ளைகளை உயரப்படி உட்காரவைத்து, சாக்குகளையும் அதே வரிசையில் ஒரே பாயாகத் தைத்துவிட்டார். இப்போது சீதாவுக்கு ஒரு பக்கம் தச்சுவேலை செய்யும் பாஸின் மகனான சிங்களப் பையன், மறுபக்கம் நாகலெட்சுமி.

போய்க் கேட்டேன். "தனித்தனியா கெடந்தா சாக்குக்குச் சாக்கு சண்டை வருதுங்க கங்காணி. இப்ப ஒருத்தன் இழுத்தா எல்லாரும் சேந்து விழுறாங்க. சத்தம் கொறஞ்சிருக்கு" என்கிறார்.

பொறுக்க முடியாமல், வெள்ளிக்கிழமை பிள்ளைகள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு போனேன். தங்கள் கடையின் நீல மயில் முத்திரையை அடையாளம் பார்த்து, அந்தச் சாக்கை மட்டும் அறுத்தெடுத்தேன். நிமிர்ந்தால் வாத்தியார் நிற்கிறார். "கவ்வாத்து முடிஞ்சுபோச்சேங்க, இங்க எந்த மலை பாக்கி?" என்றார். சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினேன். வீட்டுக்கு வந்து, மாலையில் அந்தச் சாக்கையே சாமி படத்துக்கு முன்னால் விரித்து உட்கார்ந்து பூசையும் முடித்தேன். கற்பூரம் அணைந்த பிறகு சீதா வாயைத் திறந்தாள்.

"அப்பா, இது நாகு சாக்கு. நம்ம சாக்குல நான் மை கொட்டியிருக்கேன்."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சாமி கும்புடுறப்ப பேசக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

மச்சான், இந்தத் தோட்டம் முழுக்கத் தங்கள் கடையில்தான் அரிசி வாங்குகிறது என்பதை நான் மறந்துபோனேன். எல்லாச் சாக்கிலும் மயில். தங்கள் தங்கை அடுப்படியில் உட்கார்ந்து சிரிக்கிறாள். "எங்கண்ணனுக்கு எழுதுங்க, இனிமே ஆளுக்கொரு பறவை போடச் சொல்லி" என்கிறாள். சரி, திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று மறுநாள் நானே சாக்கைச் சுருட்டி எடுத்துப்போனேன். மாயாண்டி விளக்குமாற்றை இறக்கி வைத்துவிட்டு மரியாதையாகத்தான் பேசினான்.

"நீங்களே வச்சுக்கங்க கங்காணி. எம் மகளுக்கு உங்க வீட்டுச் சாக்கே தோதா இருக்காம்."

விசாரித்தால், தன் சாக்கு போய்விட்டதால் நாகலெட்சுமி இப்போது சீதாவின் சாக்கில் பாதியில் உட்காருகிறாளாம். முன்பு பக்கத்துச் சாக்கு; இப்போது ஒரே சாக்கு. இதற்குமேல் நான் எதை அறுப்பது? ஞாயிற்றுக்கிழமை ரயிலில் தவறாமல் வரவும். பெரியவர்களுக்கு நமஸ்காரமும் சின்னவர்களுக்கு ஆசியும் தங்கள் கடை மென்மேலும் விளங்க வேண்டுதலும்.

இப்படிக்கு,
ஆண்டியப்பன்

பின்குறிப்பு: உறையில் போடும் முன் சீதா கடிதத்தைப் படித்துவிட்டாள். படிக்கச் சொல்லிக்கொடுத்தது அந்த வாத்தியார்தான். "மாமா கடையில நாகுவுக்கும் ஒரு சாக்கு இருக்குமா?" என்கிறாள். அவள் இல்லாமல் இவள் டவுனுக்கு வரமாட்டாளாம். ஆகையால் தாங்கள் வர வேண்டாம். ஒரு கோணி ஊசியும் சணல் நூலும் அனுப்பினால் போதும். அறுத்த கைதான் தைக்க வேண்டும் என்கிறார் வாத்தியார். எனக்குக் கண் மங்கல் என்று சீதா பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்திருப்பதால், நூல் கோத்துத்தர நாகலெட்சுமி எங்கள் வீட்டுக்கு வருகிறாள். அவளை உட்காரவைப்பது வாசலிலா வீட்டுக்குள்ளா என்று எழுதிக் கேட்க வேண்டாம். மழை விடவில்லை என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன்.