எப்போ டாக்டர் கழட்டுவீங்க?

பல்லுக்குக் கம்பி கட்டிக்கொள்பவர்களில் ஓர் இனம் உண்டு. வாயைத் திறக்கச் சொன்னால் முதலில் கேள்விதான் வெளியே வரும். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் சீக்கிரசாமி. பல் டாக்டரின் காத்திருப்பு அறையில், மீன் தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு, 'பல்லை வேகமாக நகர்த்துவது எப்படி' என்ற வீடியோவை, அதையும் வேகமாக ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டு ஒருவர் இருந்தால், அவர்தான். கிட்டே போகாதீர்கள். "உங்களுக்குக் கட்டி எத்தன மாசமாச்சு?" என்பார். உங்களுக்குச் சீக்கிரம் முடியப்போகிறது என்று தெரிந்துவிட்டால், அன்றைக்கு டாக்டர் பாடு திண்டாட்டம்.

ஊரெல்லாம் சுற்றி இந்த இனத்தை ஆராய வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. என் மனைவியின் அண்ணன் ஒருவரே போதும். மனிதர் வீடு கட்டித்தரும் கான்ட்ராக்டர். எந்த உயரத்துச் சாரத்திலும் ஏறுவார். பல் டாக்டரின் நாற்காலியில் ஏற மட்டும் துணைக்கு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

தலை நரைத்த பிறகு இவருக்கு எதற்குக் கம்பி என்று கேட்பீர்கள். சொல்கிறேன். முன்பற்கள் சற்றுத் தூக்கல். அதனால் சின்ன வயதிலிருந்தே சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். அவர் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் மாப்பிள்ளைக்குப் பல்வலியோ என்று சந்தேகம் வரும். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவள் சொன்னாள்: "என் கல்யாண போட்டோவுலயாவது கையை எடுத்துட்டு சிரிங்கப்பா." மனிதர் மறுநாளே கிளினிக்கில் நின்றார்.

"ரெண்டு வருஷமாவது ஆகும் சார்," என்றார் டாக்டர்.

"கல்யாணம் அடுத்த வருஷம் டாக்டர். கொஞ்சம் சீக்கிரமா முடிச்சுக் குடுங்க."

"எலும்பு கரைஞ்சு எலும்பு வளர்ந்துதான் பல்லு நகரும். அதுக்குன்னு ஒரு டைம் இருக்கு."

"ஆள் கூடப் போட்டாலுமா?"

டாக்டர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு அவரும் பாவம் பார்த்து, "எலும்புல சின்னச் சின்னதா துளை போட்டா கொஞ்சம் வேகமா நகரும்னு சிலர் சொல்றாங்க," என்றார்.

"துளையா? யார் எலும்புல?"

"உங்க எலும்புலதான்."

"அப்படி ஒண்ணும் தலபோற அவசரம் இல்ல டாக்டர்."

சீக்கிரசாமியின் வேதமே இதுதான். வேகம் வேண்டும், வலிக்கக் கூடாது, குத்தக் கூடாது, சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது, மாதாமாதம் வா என்று கூப்பிடக் கூடாது. ராத்திரி படுத்துக் காலையில் எழுந்தால் பல் தானாக வரிசையில் நிற்க வேண்டும்.

டாக்டர் மட்டும் பொறுமையின் மறுபிறவியா என்ன? அதிர்வு கொடுத்துப் பல்லை ஓட்டும் கருவி என்று ஒரு விற்பனைக்காரர் கொண்டுவந்தபோது, "இதெல்லாம் நிரூபணமாகாத விஷயம்," என்று மூக்கைச் சுளித்தவர், அந்த ஆள் வாசல் தாண்டுவதற்குள், "அந்தப் படம் போட்ட தாளை மட்டும் வெச்சுட்டுப் போங்க," என்றார். எலும்புக்கு அவசரம் ஆகாது என்று நாள் முழுக்கப் பாடம் நடத்திவிட்டு, வீட்டுக்குப் போகும்போது லிஃப்ட் பொத்தானைக் குத்து குத்தென்று குத்துவதை என் கண்ணால் பார்த்தேன்.

சிகிச்சை நடந்தது. மேல் கொக்கிக்கும் கீழ்க் கடைவாய்க் கொக்கிக்கும் நடுவே மாட்ட, பொடிப் பொடி ரப்பர் வளையங்கள் கொடுத்தார்கள். சாப்பிடும் நேரம் போக எப்போதும் வாயில் இருக்க வேண்டும். நம்மவர் எப்போது மாட்டுவார்? கிளினிக் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, பக்கக் கண்ணாடியைப் பார்த்து மாட்டுவார். உள்ளே போய், "நான் சொன்னபடி எல்லாம் செய்றேன், பல்லுதான் கேக்க மாட்டேங்குது," என்பார். முறுக்குக் கலையாத புது ரப்பரைப் பார்த்த டாக்டருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எத்தனை சீக்கிரசாமிகளோடு சண்டை போடுவது?

ஒருநாள் அவர் வாயைத் திறந்தபடி படுத்திருக்க, சட்டைப் பையில் கைப்பேசி அடித்தது. வீடு கட்டக் கொடுத்திருந்தவர். கூரைக்குக் கான்கிரீட் போட்டாயிற்றே, முட்டுப் பலகையை நாளைக்கே பிரிக்கக் கூடாதா என்று கேட்கிறார். டாக்டரின் இடுக்கியை ஒதுக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார் நம்மவர். "என்ன சார் விளையாடுறீங்களா? கான்கிரீட் இறுகணும், தண்ணி விடணும், அதுக்குன்னு ஒரு டைம் இருக்கு. அவசரத்துல அண்டாக்குள்ளகூட கை போகாது சார்!" என்று கத்திவிட்டு, மறுபடி சாய்ந்து, வாயைத் திறக்குமுன் கேட்டார்: "எப்போ டாக்டர் கழட்டுவீங்க?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

கல்யாணம் நெருங்க நெருங்க அவருக்குப் பயம் பிடித்தது. ஒரு ரப்பர் ஒரு வேகம் என்றால் மூன்று ரப்பர் மூன்று வேகம்தானே? வலது பக்கம்தான் மந்தம் என்று அவரே தீர்ப்புச் சொல்லி, அந்தப் பக்கம் மூன்றை ஒன்றாக மாட்டி, இந்த முறை உண்மையாகவே இரவும் பகலும் கழற்றாமல் வைத்திருந்தார். கடைவாய் வலித்தபோது, "வேலை நடக்குது," என்று பூரித்தார். அடுத்த தடவை டாக்டர் விளக்கை இழுத்துப் பார்த்தார். மூக்குக்கு நேரே நிற்க வேண்டிய கீழ் நடுப்பல் கன்னத்தை விசாரிக்கக் கிளம்பியிருந்தது.

"இதைத் திருப்பிக் கொண்டுவரணும் சார். கல்யாணம் கம்பியோடதான்."

"அன்னிக்கு ஒருநாள் மட்டும் கழட்டி மாட்ட முடியாதா?"

"கழட்டலாம். இந்தக் கோணல் போட்டோல விழும், பரவாயில்லையா?"

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் கை வாயை விட்டு இறங்கவே இல்லை. கேலி செய்யத்தான் நானும் கூடப் போகிறேன். அன்றைக்கு எனக்கே கேலி செய்ய மனம் வரவில்லை.

கல்யாண மேடை. புகைப்படக்காரர், "அப்பா சிரிக்கணும், சீக்கிரம், அடுத்த குரூப் நிக்குது," என்கிறார். நம்மவர் கை வழக்கப்படி வாய்க்குப் போனது. மகள் அதைப் பிடித்து இறக்கினாள்.

"கம்பி இருக்கேம்மா."

"இருக்கட்டும்ப்பா. பல்லை நேராக்கச் சொன்னேனா நான்? கையை எடுக்கத்தானே சொன்னேன்."

அவர் விழித்தார். பாதி வாக்கியத்திலேயே கிளினிக்குக்குக் கிளம்பிவிட்ட மனிதருக்கு, மீதிப் பாதி இப்போதுதான் வந்து சேர்ந்தது. சிரித்துவிட்டார், வாய் கொள்ளாமல். அந்தப் படத்தில் மணப்பெண்ணின் நகையைவிட அப்பாவின் கம்பிதான் அதிகம் மின்னுகிறது.

திருந்தினாரா? மேடையை விட்டு இறங்கும்போதே புகைப்படக்காரரின் தோளைத் தொட்டார். "தம்பி, ஆல்பம் எப்போ கிடைக்கும்? கொஞ்சம் சீக்கிரமா..."

"நல்லா வரணும்னா பொறுக்கணும் சார்," என்றார் அவர்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் படிக்கும்போது நடுவில் ஒருமுறை, இது முடிய இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கண் கீழே ஓடியதே, அது யார் கண்? நடுவில் உள்ளதைத் தாண்டிவிட்டு நேரே கல்யாணத்துக்கு வந்தவரும் உங்களில் இருப்பார். எங்கே, கொஞ்சம் வாயைத் திறவுங்கள், பார்க்கலாம்.