ராகுகாலத்துக்கு முன் ஒரு கிரீடம்

எந்தச் சங்கத்திலும் யாரும் கேட்காமலே பொறுப்பெடுக்கிற ஒரு ஆள் இருக்கும். கூட்டம் தொடங்குமுன்பே கையைத் தூக்கும். "அதை நான் பார்க்கிறன்" என்று சொல்லும். எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பிறகுதான் விசாரிக்கும். எங்கள் சங்கத்தில் அந்த ஆள் நான்.

சங்கம் என்றதும் மேடை, பதாகை எல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ பல்கலைக்கழகத்தில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் சிலர், நூலகத்து மூலையில் ஒரு மேசை, அவ்வளவுதான். அந்த மேசையில் ஒன்றாகப் படித்தோம், ஒன்றாகச் சண்டை போட்டோம், ஒருவர் வீட்டுப் புட்டை எல்லோருமாகத் தின்று தீர்த்தோம். (நூலகத்தில் சாப்பிடக் கூடாது என்ற அறிவித்தல் எங்கள் தலைக்கு நேரே தொங்கியது.) படிப்பு முடிந்ததும் ஒருத்தி மிலானோவுக்கும் இரண்டு பேர் ஜெர்மனிக்கும் போய்விட்டார்கள். ஊரில் மிஞ்சியது நானும் அன்ரனும்தான். ஆனால் மேசை கலையவில்லை, கைபேசிக்குள் குடியேறிவிட்டது.

எங்களுக்குப் பின்னால் வருகிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்போம். பழைய புத்தகங்களைக் கொடுப்போம். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் வரிசையில் நின்றால் துணைக்குப் போய் நிற்போம். எல்லாவற்றிலும் பெரிய கடமை ஒன்று இருந்தது: எந்தத் தமிழ்ப் பிள்ளையும் தனியாகப் பட்டம் வாங்கக் கூடாது.

இத்தாலியில் பட்டம் வாங்குவது பாதிப் படிப்பு, பாதித் திருவிழா. தேர்வுக் குழு பெயரைச் சொல்லிப் பட்டத்தை அறிவித்ததும் வீட்டார் பாய்ந்து வந்து பிள்ளையின் தலையில் லாரல் இலைக் கிரீடம் வைப்பார்கள். பூங்கொத்து, பாட்டு, காகிதத் துகள் பறக்கும் வெடி என்று தேர்வறைக்கு வெளியே நடைபாதையே அதிரும். எங்கள் வீட்டாருக்கு அதற்கு எங்கே நேரம்? அம்மாமார் சிஞ்ஞோராக்கள் எனப்படும் இத்தாலிய எசமானிகளின் வீடுகளில், அப்பாமார் உணவக அடுப்படிகளில். எனக்குக் கிரீடம் வைத்தது அன்ரன். வைத்த கையோடு அவனும் வேலைக்கு ஓடிவிட்டான். படத்தில் என் தோளில் கை போட்டுச் சிரிக்கிற மனிதர் வேறு யாரோ ஒருத்தியின் மாமா.

சில வருடங்களுக்கு முன் எங்கள் தர்சிகாவின் முறை வந்தது. உயிரியல் படித்தவள், கெட்டிக்காரி. அவளுடைய அம்மா மங்கை அன்ரி லிபெர்த்தா வீதியில் தொண்ணூறை நெருங்கிய ஒரு சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்கிறார். அன்ரியைப் பல்லரோ சந்தையில், கத்தரிக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் கண்டேன்.

"பிள்ளை, வெள்ளிக்கிழமை காலமை லீவு கிடைச்சிட்டுது. ஒரு மணிக்குச் சிஞ்ஞோராவுக்குச் சாப்பாடு குடுக்க நிக்கோணும். அதுக்குள்ள கிரீடம் வைச்சுப் போடுவினமோ?"

"ஓம் அன்ரி, தாராளமா."

அன்ரி குரலைத் தாழ்த்தினார். "ராகுகாலத்துக்கு முதலோ?"

பல்கலைக்கழகத் தேர்வுக் குழு என்ன, என் வீட்டுக் குக்கரா, நான் சொன்ன நேரத்துக்கு விசிலடிக்க? ஆனாலும் என் வாய் சொன்னது: "அது என்ரை பொறுப்பு அன்ரி."

அன்றே வேலையில் இறங்கினேன். அன்ரி வீட்டு நாட்காட்டியின் ராகுகாலம் யாழ்ப்பாணத்துச் சூரியனுக்கானது, வெள்ளியென்றால் பத்தரைக்கே தொடங்கிவிடும். நான் கணினிப் பொறியியல் படித்தவள். பலெர்மோவின் சூரிய உதயத்தைக் கொடுத்தால் ராகுகாலம் சொல்லும் செயலி ஒன்றைப் பிடித்தேன். கோடைகாலம் என்பதால் பதினொன்றரைக்குக் கொஞ்சம் முன்னர் தொடங்கி ஒரு மணி தாண்டித்தான் முடியும் என்றது. "நாட்காட்டியைவிட ஒரு மணித்தியாலம் லாபம்!" என்று ராகுவிடம் பேரம் பேசி வென்றவள் போலக் குழுவுக்குச் செய்தி அனுப்பினேன்.

அன்ரன் மன்னார்க் கத்தோலிக்கன். "எங்களுக்கு ராகுவும் இல்லை, கேதுவும் இல்லை" என்று சிரித்தான். (சொன்னவனின் சாவிக்கொத்தில் மாதா பதக்கத்துக்குப் பக்கத்தில், கண்ணூறு போக்க சிசிலிக்காரர் வைத்திருக்கும் சிவப்புக் கொம்பு தொங்கியது.)

வெள்ளிக்கிழமை வந்தது. அதுவும் பதினேழாம் திகதி. இத்தாலியருக்கு அதைவிடக் கெட்ட நாள் கிடையாது. நடைபாதையில் நின்ற குடும்பங்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே பயந்துகொண்டிருந்தன. தர்சிகா தன் ஆய்வை அருமையாகச் சொல்லி முடித்துவிட்டு வந்து வாங்கில் உட்கார்ந்தாள். குழு கதவைச் சாத்திக்கொண்டு புள்ளி போட ஆரம்பித்தது. பத்தரை போனது. பதினொன்று போனது. உள்ளே கோப்பிக் கோப்பைகள் போயின. யாரும் வெளியே வரவில்லை.

மங்கை அன்ரி என்னைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை உதித்தது. பயணம் போகிறவர்கள் நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு, பிறகு ஆறுதலாகப் புறப்படுவதில்லையா? அதேபோலக் கிரீடத்தை இப்போதே ஒருமுறை தலையில் தொட்டு எடுத்துவிட்டால்? ஆரம்பம் நல்ல நேரத்தில் நடந்ததாகிவிடும்.

அன்ரனிடம் சொன்னேன். அவன் முகம் வெளிறிவிட்டது. "விசரே உனக்கு? அறிவிக்க முதல் கிரீடம் தலையில பட்டா பட்டமே போச்சு எண்டு இஞ்சை எல்லாரும் நம்புறாங்கள்!"

"ராகுவை நம்பமாட்டாய், இதை நம்புவியோ?"

"அது வேற, இது வேற."

பதினொன்றேகால். பூனை நடை நடந்து தர்சிகாவின் பின்னால் போனேன். கிரீடத்தை மெல்ல இறக்கினேன். இலை தலைமுடியைத் தொட்டது.

நான் மறந்தது ஒன்றே ஒன்று. "கிரீடம் தலையில் பட்டதும் கத்துங்கள்" என்று வீடியோ அழைப்பில், கைபேசிக்குள் காத்திருந்தவர்களிடம் நான்தான் சொல்லியிருந்தேன். அன்ரனின் கையிலிருந்த கைபேசியின் ஒலிபெருக்கியில் மிலானோவும் ஜெர்மனியும் ஒன்றாக வெடித்தன. பின்னணியில் யாரோ நாதஸ்வரம் வேறு போட்டார்கள். பதறிப்போன அன்ரன் மற்றக் கையிலிருந்த காகித வெடியைத் திருகிவிட்டான். சரியாக அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. குழுத் தலைவரின் வழுக்கைத் தலையில் பொன்னிறத் துகள்கள் பொழிந்தன.

தர்சிகா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். மற்ற மாணவர்கள் அவளுடைய வாங்கிலிருந்து தள்ளிப் போனார்கள். கெட்டது விலக இரும்பைத் தொடும் இத்தாலிய வழக்கப்படி ஒருவர் கதவின் இரும்புப் பிடியைத் தொட்டார். இன்னும் நாலு பேர் அதே பிடிக்கு முண்டியடித்தார்கள்.

"என்ன நடக்கிறது இங்கே?" என்று தலைவர் கேட்டார்.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பொறுப்பெடுத்த ஆள் அல்லவா! ராகு யார், வெள்ளிக்கிழமை அவருக்கு என்ன வேலை, பெட்டியை ஏன் வாசலில் வைக்கிறோம் என்று ஒரே மூச்சில் இத்தாலிய மொழியில் விளக்கினேன்.

பச்சை உடுப்புப் போட்ட ஒரு பெண்மணி முன்னால் வந்தார். "கெட்ட நேரமா? எங்களுக்கும் சேர்த்தா?"

நான் பெருமையோடு செயலியில் ராகுகாலத்தைக் காட்டினேன். சிவப்புப் பட்டை. மேலே 'பலெர்மோ' என்று எழுதியிருந்தது.

"பலெர்மோவுக்கென்றே கணக்குப் போட்டிருக்கிறார்கள்!" என்றார் அவர், பின்னால் திரும்பி. அத்தோடு முடிந்தது கதை. யாழ்ப்பாணத்து ராகு என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். உள்ளூர் ராகு என்றதும் நடைபாதை முழுவதும் ஒரே குரலில் நின்றது: சிவப்புப் பட்டை முடியும்வரை எங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லாதீர்கள்.

தலைவர் படித்த மனிதர். ஏளனமாகச் சிரித்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அலுவலர் ஒருவர் வந்து, அச்சு இயந்திரம் பழுது, அறிவிப்பு ஒரு மணிக்குப் பிறகுதான் என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே அச்சு இயந்திரம் ஓடுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

"அக்கா," என்றாள் தர்சிகா, "ரெண்டு நாட்டுத் தரித்திரத்தையும் ஒரே தலையில இறக்கிப் போட்டியள்."

அதைத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது மங்கை அன்ரி கைப்பையைத் தோளில் மாட்டிய விதம்தான்.

"பரவாயில்லைப் பிள்ளை. நான் வேலைக்குப் போறன். நீங்கள் வீடியோவில காட்டுங்கோ, பாக்கிறன்."

தாய்மார் வர முடியாத குறையைத் தீர்க்கத்தான் நாங்கள் கூட்டம் சேர்த்தோம். இப்போதோ, வந்து நின்ற தாயை நானே திருப்பி அனுப்பப் பார்க்கிறேன். அன்ரியின் கைபேசியைப் பறித்துச் சிஞ்ஞோராவை அழைத்தேன். பொய் சொல்லத்தான் நினைத்தேன். அவசரத்தில் உண்மை முழுவதும் வந்துவிட்டது. மறுமுனையில் சிஞ்ஞோரா கேட்டார்:

"அந்த நேரம் எப்போது முடியும்?"

"ஒன்று பத்துக்கு, சிஞ்ஞோரா."

"அதற்குள் ஒருத்தி என் வீட்டுப் படியேறினால், அவளோடு அதுவும் ஏறுமா?"

"அது... எனக்குத் தெரியாது, சிஞ்ஞோரா."

"தெரியாவிட்டால் எதற்கு வம்பு! இந்த வயதில் எனக்கு இது தேவையா? மங்கா அங்கேயே நிற்கட்டும். பக்கத்து வீட்டுக்காரி பாஸ்தா சுடவைத்துத் தருவாள். பிள்ளையைக் கிரீடத்தோடு இங்கே கூட்டிவரச் சொல். அது முடிந்த பிறகு!"

நான் சொன்னதும் அன்ரி அப்படியே வாங்கில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தர்சிகாவும் சிரித்தாள். கிரீடத்தின் நிலைமைதான் மோசம். அறிவிப்புக்கு முன் தலையில் பட்ட கிரீடம் இனி உதவாது என்று பச்சை உடுப்புப் பெண்மணி தீர்ப்புச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் தன் மகனுக்கு வைத்திருந்த கிரீடத்திலிருந்து ஒரு கொப்பை முறித்து அன்ரியிடம் நீட்டினார். மற்றக் குடும்பங்களும் ஆளுக்கொரு கொப்புக் கொடுத்தார்கள். அன்ரி கைப்பையிலிருந்து நூலை எடுத்து, கோயிலுக்கு மாலை கட்டுவது மாதிரி நெருக்கிக் கட்டத் தொடங்கினார். சுற்றி நின்ற சிசிலிப் பெண்கள் அந்த முடிச்சைக் காட்டித்தரச் சொல்லிக் கேட்டார்கள்.

ஒன்று பத்துக்கு அச்சு இயந்திரம் அற்புதமாகக் குணமடைந்தது. முதல் பெயர் தர்சிகா. முழுப் புள்ளி, அதற்கு மேலே சிறப்புப் பாராட்டு. அன்ரி தன் கையாலேயே கிரீடத்தை வைத்தார். அது கிரீடமா, தேர் மாலையா என்று தெரியாத பருமன். வழுக்கி மகளின் மூக்கில் வந்து நின்றது. கண் தெரியாமலே அவள் அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். இந்தமுறை மிலானோவும் ஜெர்மனியும் கத்தியது எனக்குக் கேட்கவில்லை, நான் அதைவிடச் சத்தமாகக் கத்திக்கொண்டிருந்தேன்.

இப்போது தர்சிகாவும் எங்கள் மேசையில் ஒருத்தி. முதல் வேலையாக, பட்டமளிப்புகளில் எனக்குத் தண்ணீர்ப் போத்தல் தூக்கும் பொறுப்பு மட்டும் என்று தீர்மானம் நிறைவேற்றினாள். சொந்தப் பெயரும் போய்விட்டது. எந்த வீட்டுக்குப் போனாலும் "ராகு வந்திட்டா, தேத்தண்ணி வையுங்கோ" என்றுதான் வரவேற்பு. சரி, அது எங்கள் ஆட்களோடு போகட்டும் என்று விட்டுவிட்டேன். போன கோடையில் தண்ணீர்ப் போத்தல்களோடு அந்த நடைபாதையில் நின்றபோது, முன்பின் தெரியாத ஒரு சிசிலிக்கார இளைஞன் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு என்னிடம் வந்தான்.

"சிஞ்ஞோரா ராகு நீங்கள்தானே? இன்றைக்கு எத்தனை மணிக்கு என்று அம்மா கேட்கச் சொன்னார்."