ஆறாம் இடத்துக்காரர்

ஃபேரர் பார்க், சிங்கப்பூர்,
வியாழக்கிழமை மாலை

அன்பும் பொறுமையும் நிறைந்த பரீதா லாத்தாவுக்கு, தங்கை சம்சுன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் இங்கே எல்லோரும் சுகம். ஜொகூரில் உங்கள் சுகத்தையும், மச்சானின் கோபம் இப்போது எந்த அளவில் இருக்கிறது என்பதையும் அறிய ஆவல்.

லாத்தா, ஒரு மனிதர் விழித்திருக்கும் ஊர் அவருடைய ஊரா, தூங்கும் ஊர் அவருடைய ஊரா? பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. கேட்டவர் உங்கள் கணவர்.

இதை ஏன் வாட்ஸ்அப்பில் கேட்கவில்லை என்று நினைப்பீர்கள். உங்கள் கைப்பேசி எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கிறது. உங்களுக்கு வரும் செய்திகளை மச்சான்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாக வாசிக்கிறார். இது அவர் வாசிக்கக் கூடாத விஷயம். அதனால்தான் நெய் பிஸ்கட் டின்னுக்குள், இரண்டாம் அடுக்குக்குக் கீழே வைத்து நம் தம்பி மனைவி ஹஸீனாவிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

வருஷா வருஷம் ஜூன் விடுமுறையில் கடலோரப் பூங்காவில் நம் குடும்பம் ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்குகிறது. எனக்கு அதில் ஈடுபாடு கிடையாது. தலைக்கு மேல் கான்கிரீட் கூரை உள்ளவர்கள் எதற்குத் துணிக்குக் கீழே போய்ப் படுக்க வேண்டும்? ஆனால் மச்சானுக்கு அது இன்னொரு பெருநாள். இடம் பதிவதும் அவர், கறி ஊற வைப்பதும் அவர், கூடாரத்தை உள்பக்கம் வெளியே தெரிய நட்டுவிட்டு நம் தம்பி யாசரைத் திட்டுவதும் அவர். இந்த வருஷம் விதி மாறிவிட்டது. உள்ளூர் அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாரம் முன்பே பதிவு திறக்கும், மிச்சம் இருந்தால்தான் மற்றவர்களுக்கு. படித்தபோது நியாயம் என்றுதான் நினைத்தேன். நம் பூங்கா, நம் வரி. ‘மற்றவர்கள்’ என்ற சொல்லுக்குள் மச்சான் இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றிவிட்டது. அன்றைக்கே போன்.

“சம்சு, நீ படிச்சவ, சொல்லு. இருபத்தாறு வருஷமா விடியக்காலையில பைக்கை எடுத்துக்கிட்டு துவாஸ் பாலம் தாண்டி, நாடு விட்டு நாடு வேலைக்கு வர்றேன். முழிச்சிருக்கிறதெல்லாம் உங்க ஊர்ல. சாப்பிடுறது உங்க ஊர்ல. மேனேஜர்கிட்ட ஏச்சு வாங்குறது உங்க ஊர்ல. தூங்க மட்டுந்தான் ஜொகூருக்குப் போறேன். ஒரே ஒரு ராத்திரி தூங்கவும் இடம் கேட்டா, வெளியூர்க்காரன் தள்ளி நில்லுங்கிறாங்க. கூடாரத்துல வேற என்ன லா செய்வாங்க? தூங்கத்தானே செய்வாங்க!”

“என் அட்டையில போட்டுடட்டுமா மச்சான்?”

“விருந்தாளியாவா? என் கறிச்சட்டியை நானே தூக்கிக்கிட்டு விருந்தாளியா வரணுமா? என் பேர்ல, என் முறை வரும்போது நானே போடுவேன். கிடைக்கலைன்னா உங்க யார் வீட்டுப் படியும் மிதிக்க மாட்டேன். ஆஸ்மா கல்யாணத்துக்கும் வரமாட்டேன், சொல்லிட்டேன்.”

யாசர் மகள் ஆஸ்மா தன் கல்யாண பிரியாணியை அவர் பொறுப்பில்தான் விட்டிருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். மாமா வராவிட்டால் மாப்பிள்ளையும் வர வேண்டாம் என்று அவள் அழுகிறாள்.

சரி, ஒரு இடம் கையில் இருக்கட்டும், பிறகு எப்படியாவது சமாதானப்படுத்திக் கொடுக்கலாம் என்று, உள்ளூர்ப் பதிவு திறந்ததுமே நான் ஒன்று போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. செய்த உதவியைத் தம்பட்டம் அடிப்பது என் வழக்கமில்லை. துரதிர்ஷ்டவசமாக, நம் குடும்பத்தில் யாருக்குமே அந்த வழக்கமில்லை.

அடுத்த வாரம் மச்சான் லீவு போட்டுவிட்டு, தேநீரோடு கணினி முன்னால் உட்கார்ந்து திறந்து பார்த்தால், எல்லா இடமும் நிரம்பிவிட்டது. மறுபடியும் போன். “மொத்தம் ஆறே இடம் சம்சு! ஆறையும் முழுங்கிட்டாங்க! பேராசை பிடிச்ச ஊரு லா உங்க ஊரு!” பதிவுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே, “ஆமா மச்சான், அநியாயம்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை யாசர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். நான் மெல்ல, “அதுல ஒரு இடம் என்கிட்டதான் இருக்கு” என்றேன். யாசர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஒண்ணு என்கிட்ட இருக்கு” என்றான். ஹஸீனா மீன் குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

“நீங்களா? நான்ல போட்டு வச்சிருக்கேன்!”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“உங்ககிட்ட சொன்னா நடக்குமா? போன வருஷம் ஏர்கானுக்கு ஆள் கூப்பிடச் சொன்னேன், இன்னும் வேர்த்துக்கிட்டிருக்கோம்.”

“ஓ மை காட் மாமி, நானும் புக் பண்ணேன்!” என்றாள் ஆஸ்மா. கடைசியாக நம் முகம்மது யூசுப் மாமா தொண்டையைச் செருமினார். “தேக்கா கடையில யாவாரம் இல்லாதப்ப நானும் ஒண்ணு அமுக்கி வச்சேன். எத்தனை பேருன்னு கேட்டுச்சு. கேக்குறப்ப குறைச்சா சொல்றதுன்னு நாப்பதுன்னு போட்டேன்.”

ஆறில் ஐந்து நம்முடையது, லாத்தா. மச்சானை இந்த ஊர் தள்ளி நிறுத்தவில்லை. நாம்தான் பாசத்தோடு சுற்றி நின்று மறித்துவிட்டோம். இதை அவரிடம் சொன்னால் பாசம் தெரியாது, மறித்ததுதான் தெரியும். அந்த ஆறாம் இடத்துக்காரர் யாரென்று தெரியவில்லை. குழாய்க்குப் பக்கத்தில், காற்று வரும் பக்கமாக, ஆறிலேயே நல்ல இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார். எந்தப் பேராசைக்கார ஆத்மாவோ, எறும்பு கடிக்கட்டும்.

இப்ப நாங்க போட்டிருக்கிற திட்டத்தைக் கவனமாக் கேளுங்க. நாளைக்கு, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, அஞ்சு பேரும் ஒரே நேரத்துல ரத்து பண்றோம். இனிமே ரத்தாகிற இடத்தை யார் வேணும்னாலும் எடுக்கலாமாம், உள்ளூர் வெளியூர் கிடையாது. நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். மச்சான்தான் கோபத்துல நீட்டின லீவுல இன்னும் வீட்ல இருக்காரே, பத்து மணிக்கு அவரைக் கணினி முன்னாடி உட்கார வச்சிடுங்க. எதுக்குன்னு கேட்டா, சும்மா ஒருதரம் பாருங்களேன்னு சொல்லுங்க. அவரா எடுத்ததா இருக்கணும். கேட்டா நாங்க யாரும் இந்த வருஷம் அந்தப் பக்கமே போகலை. ஹஸீனா விடியறப்பவே பஸ் ஏறிடுவா, எட்டு மணிக்கெல்லாம் உங்க வாசல்ல இருப்பா.

உங்களுக்கும் மச்சானுக்கும் இறைவன் நீண்ட ஆயுளையும், மச்சானுக்கு மட்டும் கொஞ்சம் சாந்தத்தையும் தரட்டும்.

துஆவுடன்,
தங்கை சம்சுன்னிசா

பி.கு. வெள்ளிக்கிழமை மதியம். இந்தக் கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஹஸீனா பாலத்து நெரிசலில் காலை முழுக்க பஸ்ஸில் நின்று, சோதனைச் சாவடியில் பையைத் திறந்தபோதுதான் பாஸ்போர்ட் வீட்டில் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. டின்னோடு திரும்பி வந்தாள். முதல் அடுக்கு பிஸ்கட் காலி. இது தெரியாமல் நாங்கள் சரியாகப் பத்து மணிக்கு ரத்து செய்திருந்தோம், அவளும் பஸ்ஸில் நின்றபடியே செய்தாள். நம் குடும்பம் ஒரு காரியத்தை நேரத்துக்குச் செய்தது இதுவே முதல் முறை. என் தேநீர் ஆறுவதற்குள் ஐந்து இடத்தையும் யார் யாரோ எடுத்துக்கொண்டார்கள். பதறிப்போய்ப் போனை எடுத்தால், நீங்கள் அழைக்கிறீர்கள். குளியலறையிலிருந்து, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு.

“ஏ சம்சு, ஆஸ்மா அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டா. எதுக்கு இவ்வளவு பாடு? குழாய்ப் பக்கத்து இடத்தை நான் முதல் நாளே போட்டுட்டேனே.”

“நீங்களா? உங்ககிட்ட ஏது உள்ளூர் அட்டை?”

“என் சிங்கப்பூர் பிங்க் கார்டை நான் எப்ப மாத்தினேன்? ரெண்டு நாட்டு பாஸ்போர்ட்டும் சிவப்பு, அதனால நீங்களா என்னை மலேசியாக்காரியா மாத்திட்டீங்க. உங்க மச்சானுக்கே மறந்துபோச்சு. முப்பது வருஷத்துல யாராச்சும் என்னைக் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. எறும்பு பற்றி மேலே எழுதியதை மன்னித்துவிடுங்கள், பேனாவால் எழுதியதால் அழிக்க முடியவில்லை. ஆக, விழித்திருப்பதும் ஜொகூரில், தூங்குவதும் ஜொகூரில் என்று இருக்கும் நீங்கள்தான், விதிப்படி, எங்கள் எல்லோரையும்விட நல்ல இடம் கிடைத்த உள்ளூர்க்காரர். என் சமூகவியல் இதோடு முடிந்தது.

அதற்குள் மச்சான் உங்கள் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டார். ஸ்பீக்கரில்தான். ஆஸ்மா கல்யாணத்துக்கு எத்தனை கிலோ அரிசி என்று முதலில் விசாரித்தார். பிறகு சொன்னார்: “பொண்டாட்டி பேர்ன்னா அது என் பேர்தான். நீங்க அஞ்சு பேரும் விருந்தாளியா வந்து சேருங்க, தலையணை மட்டும் கொண்டு வாங்க. மத்ததை உள்ளூர்க்காரங்க நாங்க பாத்துக்கிறோம்.”