சர்வருக்குள் ஒருத்தன்

'குவிட்' என்று அடித்தான் ஹரிஷ்குமார். கம்ப்யூட்டர் வெளியே விடவில்லை. அந்தச் சொல்லையும் கோப்புக்குள் எழுதிக்கொண்டது. 'எக்ஸிட்' என்று அடித்தான். அதையும் எழுதிக்கொண்டது.

கப்பலூர் பிளாஸ்டிக் நாற்காலி கம்பெனியில் சர்வருக்குப் பொறுப்பு அவன்தான். பில் எந்தப் பிரிண்டரில் வர வேண்டும் என்று ஒரு வரியை மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. கணக்குப் பிரிவு பவதாரிணி இதையெல்லாம் கோப்பைத் திருத்தும் ஒரு சின்ன எடிட்டரில் செய்துவிடுவாள். வெளியேறும் வழி அதன் அடியிலேயே எழுதியிருக்கும்.

"அது எல்.கே.ஜி. பிள்ளைங்களுக்கு. தொழில் தெரிஞ்சவன் விம்லதான் எழுதுவான்" என்று காலையில்தான் அதை அழித்துவிட்டு 'விம்' என்ற புதிய எடிட்டரைப் போட்டிருந்தான்.

"விம்மா? பாத்திரம் விளக்குறதா சார்?" என்றாள் பவதாரிணி.

அவளுக்கெல்லாம் சொன்னால் புரியாது என்று விட்டுவிட்டான். யூடியூபில் பாடம் பார்த்தவன், வெளியே வரும் பகுதிக்கு முன்பே லைக் போட்டு மூடியிருந்தான்.

முதலாளி உக்கிரபாண்டி எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, லோடு ஏத்துன லாரியெல்லாம் கேட்டுல நிக்குது. பில்லு எங்க?"

"விம்முக்குள்ள இருக்கேண்ணே. இந்தா வாரேன்."

வரத்தான் முடியவில்லை. விண்டோவையே மூடினான். அதே கோப்பை மறுபடி திறந்ததும் திரை நிறைய இங்கிலீஷில் எச்சரிக்கை. தனக்குத் தோதான ஒரு வரியை மட்டும் படிப்பது ஹரிஷ்குமார் வழக்கம். 'இந்தக் கோப்பை வேறு யாரோ திறந்து வைத்திருக்கலாம்' என்றது அந்த வரி.

அவனுக்கு உயிர் வந்தது. தப்பு தன்னுடையதில்லை!

"அண்ணே, ஹேக்கர்! சர்வருக்குள்ள ஒருத்தன் புகுந்துட்டாண்ணே!"

பாய்ந்து போய் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினான். இனி பில் வந்தாலும், சரக்கு லாரி ரோட்டில் ஏறத் தேவையான இ-வே பில்லை எடுக்க முடியாது. லாரி டிரைவர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள்.

"யாருடா அவன்?" என்று கத்தினார் முதலாளி.

"உள்ளாளுதாண்ணே. பாஸ்வேர்டு ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு நானு..." என்று இழுத்து, பவதாரிணியைப் பார்த்தான்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் தொடவே இல்ல சார்! என் எடிட்டரையே அழிச்சிட்டீங்க, எதுல தொட?"

"யாரா இருந்தாலும் ஈவு இரக்கம் பாக்காதீங்கண்ணே. இன்னைக்கே வேலைய விட்டுத் தூக்குங்க. போலீஸ்ல புடிச்சுக் குடுங்க."

"பாண்டி முனி மேல சத்தியமாத் தூக்குறேன்" என்றார் உக்கிரபாண்டி. அந்தச் சாமி மேல் செய்த சத்தியத்தை அவர் மீறியதே இல்லை. பவதாரிணி டிபன் பாக்ஸைப் பையில் வைக்கத் தொடங்கினாள்.

முதலாளி போன் போட்டதும் அவருடைய சித்தப்பா மகள், சைபர் கிரைம் எஸ்.ஐ. முனீஸ்வரி வந்தார். ஹரிஷ்குமார் நாற்காலி எடுத்துப் போட்டு, நடந்ததை விளக்கு விளக்கென்று விளக்கினான். அவர் காதில் வாங்கவில்லை. திரையில் இருந்த எச்சரிக்கையை மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"தெறந்து வச்சவன் பேரே இதுல போட்டிருக்குண்ணே... யாரு இந்த ஹரிஷ்குமாரு?"