செவந்தி எடுத்த இரண்டு மைனர்கள்

நார்த்தாமலை,
13-7-1957, சனிக்கிழமை.

கோட்டைப்பட்டினம் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரும் என் மைத்துனருமான ரத்தினவேல் அவர்களுக்கு, சிவசாமி எழுதும் கடிதம். உங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருக்க ஆண்டவன் அருள்வாராக. இங்கே உங்கள் அக்கா மருதாயி சௌக்கியம். மாடுகள் சௌக்கியம். நான் மட்டும் சௌக்கியமில்லை. அதற்குக் காரணம் நீங்கள்.

"செவந்திக்குக் கணக்கு நல்லா வருது மச்சான், திருச்சியில பி.ஏ. சேத்துவிடுங்க" என்று தலைகீழாக நின்றீர்களே, நானும் சேர்த்துவிட்டேன், போன செவ்வாய்க்கிழமை அவளிடமிருந்து கார்டு வந்தது, என் கண்ணாடி அன்று ரிப்பேருக்குப் போயிருந்ததால் தபால்காரர் அய்யாக்கண்ணுவையே படிக்கச் சொன்னேன், அந்த மனிதர் டீக்கடை வாசலில் பத்துப் பேர் நடுவில் நின்று உரக்கப் படித்தார்: "அன்புள்ள அப்பாவுக்கு, எனக்கு மேஜர் கிடைத்துவிட்டது. அதோடு இரண்டு மைனர் எடுக்க வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டேன். இன்னொன்றுக்குப் பெண்களிடையே ஒரே போட்டி. வெள்ளிக்கிழமைக்குள் வீட்டிலிருந்து வந்து கையெழுத்துப் போடாவிட்டால் மிச்சம் இருப்பதை என் தலையில் கட்டிவிடுவார்கள்."

நம் பக்கத்தில் மைனர் என்றால் யார், மாப்பிள்ளை? சில்க் ஜிப்பா, கழுத்தில் செயின், வாய் நிறைய வெற்றிலை, வேலை வெட்டி கிடையாது. அதில் இரண்டு! போதாததற்குப் பட்டாளத்து மேஜர் ஒருவர்! வீட்டுக்கு வந்து சொன்னதும் மருதாயி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நாம ஒரு மாப்பிள்ளை தேடவே நாக்குத் தள்ளுது, அங்கிட்டு மூணு பேரா?" என்றாள்.

மறுநாள் காலை நானும் மருதாயியும் என் பங்காளி பிச்சைமுத்துவும் பஸ் ஏறினோம். பிச்சைமுத்து கையோடு கொண்டுவந்த கம்பை விடமாட்டேன் என்றான், கண்டக்டர் ஏற்றமாட்டேன் என்றார், கடைசியில் கம்பு பஸ் கூரையில் ஏறியது, கீரனூர் தாண்டியதும் டயர் வெடித்தது, பிச்சைமுத்து அது துப்பாக்கி என்று நினைத்து "மேஜர் ஆளுகளை அனுப்பிட்டான்!" என்று கத்தி, பஸ்ஸில் பாதிப் பேரைக் கீழே இறக்கிவிட்டான்.

கல்லூரியில் கணிதப் பேராசிரியை ஆரோக்கியம்மாள் எங்களை மரியாதையாக உட்காரவைத்தார். "செவந்தியோட மைனர் விஷயமா வந்திருக்கீங்களா? மொத மைனர் அவளுக்கு நல்லா ஒத்துப்போகும். ரெண்டாவதுதான் கொஞ்சம் முரண்டு. கவலைப்படாதீங்க, மைனர் ரெண்டையும் ரெண்டு வருஷத்துல கைகழுவிடலாம். மேஜரோடதான் கடைசிவரைக்கும்" என்றார். பிச்சைமுத்து எழுந்து, "படிச்சவுக பேசுற பேச்சா தாயீ இது? அந்த மூணு பேரையும் இங்கிட்டுக் கூப்பிடுங்க!" என்று கம்பைத் தரையில் தட்டினான்.

சத்தம் கேட்டுச் செவந்தி ஓடிவந்தாள். "அப்பா, மேஜர்னா கணிதம்ப்பா. மூணு வருஷமும் படிக்கிற பாடம். மைனர்னா கூடப் படிக்கிற துணைப்பாடம். ஒண்ணு பௌதிகம். இன்னொண்ணு புள்ளியியல் கேட்டிருக்கேன். எட்டுப் பேருக்குத்தான் எடம். கெடைக்கலைன்னா ரசாயனத்துல தள்ளிருவாங்க" என்றாள். ஜன்னலுக்கு வெளியே நாற்பது பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "சந்தேகமா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லப்பா. கம்போட வந்திருக்கீங்களே" என்றாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தப்பு என்மேல் என்று தெரிந்ததும் எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. "கையெழுத்தும் கிடையாது, படிப்பும் கிடையாது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கேட்டருகே நின்றுகொண்டேன். மருதாயி பத்து நிமிஷம் கழித்து வந்தாள்.

ஆகையால், கடிதம் கண்டதும் நீங்களே திருச்சி போய், செவந்தியைப் பெட்டி படுக்கையோடு கூட்டிவந்து என் வாசலில் விட வேண்டியது. இதில் மறுபேச்சு வேண்டாம். உங்கள் குழந்தைகளுக்கு என் ஆசி. பதில் எழுத வேண்டாம், பெண்ணோடு வந்தால் போதும்.

இப்படிக்கு,
சிவசாமி

பி.கு.: ஒட்டுவதற்கு முன் இதை உங்கள் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "தம்பிய அலைய விடாதீங்க. நான்தான் அன்னைக்கே கையெழுத்துப் போட்டுட்டேன்ல. புள்ளியியல் கெடைச்சிருச்சு" என்றாள். "கைநாட்டா வச்சே?" என்றேன். "கையெழுத்துன்னு சொன்னேன். போன லீவுல செவந்திதான் சொல்லிக்குடுத்தா" என்றாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம், மாப்பிள்ளை! நான் நம்பவில்லை. பேனாவைக் கையில் கொடுத்து, இந்தக் காகிதத்திலேயே போடு பார்ப்போம் என்றேன். கீழே இருப்பது அவள் எழுத்து. நீங்கள் திருச்சி போக வேண்டாம். நாளை ஞாயிற்றுக்கிழமை நானே போய்ச் செவந்தியைப் பார்த்துவிட்டு வருகிறேன், கம்பு இல்லாமல்.

மருதாயி